வெண்ணெய்த் தட்டோடு திறந்த கதவு: சார்லட் பிரான்டேயும் ஆங்ரியாவும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ரோ ஹெட் என்று ஒரு சின்னப் பெண்கள் பள்ளி இருந்தது. 1836 வாக்கில் ஒரு மாலை, மணி ஏழு. வெளியே புயல் முனகிக்கொண்டே ஓய்கிறது, பிள்ளைகள் பாடத்தில் குனிந்திருக்கிறார்கள், கணப்பில் நெருப்பு அடங்கிக்கொண்டிருக்கிறது. இருபது வயதை ஒட்டிய ஆசிரியை ஒருவர் துண்டுத்தாளில் பொடி எழுத்தில் எழுதுகிறார்: பன்னிரண்டு மணி நேரமாக இழுத்துக் கட்டியிருந்த மனசு இப்போதுதான் தளர்கிறது, இந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஓய்விடத்துக்குத் திரும்பிப் போகிறது என்று. அந்த மனநிலையில் இருக்கும்போது அவர் கண்முன் வேறொரு நாட்டின் காட்சி எழும்புகிறது, கிட்டத்தட்ட கையால் தொட்டுவிடலாம் போல. காட்சி நிற்கும்போதே சாப்பாட்டு அறைக் கதவு திறக்கிறது. தலைமையாசிரியை மார்கரெட் வூலர் கையில் ஒரு தட்டு வெண்ணெயோடு உள்ளே வருகிறார். "ரொம்பப் புயலான ராத்திரி, இல்லையாம்மா" என்கிறார். "ஆமாங்க மேடம்" என்கிறார் இவர்.

அந்த ஆசிரியை, பிற்காலத்தில் ஜேன் அயர் நாவலை எழுதிய சார்லட் பிரான்டே. அவர் போய்வந்த நாட்டின் பெயர் ஆங்ரியா. அது உலகப் படத்தில் கிடையாது, அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து உண்டாக்கியது. ரோ ஹெட்டில் இருந்த காலத்தில் அவர் எழுதிவைத்த இந்தத் துண்டுகள் பிழைத்து நம் கைக்கு வந்திருக்கின்றன. நிஜ வாழ்க்கையைவிடக் கற்பனை உலகத்தை அதிகமாக நேசித்த ஒருவர், அந்த நேசம் எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்தபடியே எழுதியதில் இவ்வளவு நேர்மையான பதிவை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி கற்பனை வரம் என்று கைதட்டும், இன்னொரு கட்சி நிஜத்துக்கு வா என்று தோளை உலுக்கும். கதை முடிந்துவிடுமே என்று கடைசி அத்தியாயத்தை நாள்கணக்கில் தள்ளிப்போட்டவன் நான். முடிந்துபோன ஒரு தொடரின் மனிதர்களோடு மாதக்கணக்கில் தலைக்குள் பேசிக்கொண்டிருந்தவன். எனக்கு இரண்டு கட்சியும் உதவவில்லை. பிரான்டே குடும்பம் உதவியது. காரணம், இது ஒரே ஒருவரின் கதை இல்லை. ஒரே வீடு, ஒரே இழப்பு, ஒரே விளையாட்டு, ஆனால் நான்கு பிள்ளைகள். நான்கு பேரும் அந்த உலகத்துக்குள் போனார்கள், நான்கு பேருக்கும் வேறு வேறு மாதிரி முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பின்னணி

ஹாவர்த் என்ற ஊரில் பாதிரியார் வீடு. 1821-ல் அம்மா இறக்கிறார், சார்லட்டுக்கு அப்போது ஐந்து வயது. 1825-ல் மூத்த அக்காக்கள் மரியாவும் எலிசபெத்தும் போர்டிங் பள்ளியிலிருந்து நோயோடு வீட்டுக்கு வந்து, ஆறு வாரத்துக்குள் இருவருமே போய்விடுகிறார்கள். மரியாவுக்கு 11 வயது, எலிசபெத்துக்கு 10. ஒன்பது வயது சார்லட் திடீரென்று வீட்டின் மூத்த பிள்ளை ஆகிறார். அவருக்குக் கீழே பிரான்வெல், எமிலி, ஆன்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1826 ஜூனில், அப்பா லீட்ஸ் நகரத்திலிருந்து பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரப் பொம்மைச் சிப்பாய்கள் வாங்கி வருகிறார், மொத்தம் 12. காலையில் பிரான்வெல் பெட்டியோடு அக்கா தங்கைகளின் அறை வாசலுக்கு ஓடிவர, சார்லட் கட்டிலிலிருந்து குதித்து ஒன்றை எடுத்து இவன்தான் வெலிங்டன் பிரபு, இவன் எனக்கு என்கிறார். ஆளுக்கு ஒன்று எடுத்துப் பெயர் வைக்கிறார்கள். அங்கே ஆரம்பித்ததுதான். சிப்பாய்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கப்பலில் போனார்கள், அங்கே கிளாஸ் டவுன் என்ற நகரம் எழுந்தது, அதற்கு அரசியல் வந்தது, பத்திரிகை வந்தது, கவிஞர்களும் அவர்களை வசைபாடும் விமர்சகர்களும் வந்தார்கள். அந்தப் பத்திரிகைகளைப் பிள்ளைகள் தாங்களே எழுதித் தைத்தார்கள், தீப்பெட்டி அளவில், அச்சு எழுத்து மாதிரி பொடிப்பொடியாக. பொம்மைச் சிப்பாய்கள் படிக்க வேண்டுமே, அதற்குத்தான் அந்த அளவு.

விளையாட்டில் ஒரு விதி இருந்தது. நான்கு பிள்ளைகளும் அந்த நாட்டின் காவல் பூதங்கள். யாராவது செத்துப்போனால் பூதங்கள் நினைத்தால் எழுப்பிவிடலாம். ஒரு வருஷம் முன்னால்தான் இரண்டு அக்காக்களைப் புதைத்த பிள்ளைகள் இந்த விதியை வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. நிஜத்தில் தங்கள் கையில் இல்லாத ஒன்றைத் தங்கள் கைக்குள் கொண்டுவரும் இடமாக அந்த உலகம் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இதை நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1831-ல் சார்லட் மாணவியாக ரோ ஹெட்டுக்குப் போனபோது எமிலியும் ஆனும் பிரிந்து போய்த் தங்களுக்கென்று கோண்டல் என்ற தனித் தீவை உண்டாக்கிக்கொண்டார்கள். 1834-ல் சார்லட்டும் பிரான்வெல்லும் கிளாஸ் டவுனுக்குக் கிழக்கே ஆங்ரியா என்ற புது ராஜ்யத்தை அமைத்தார்கள். அதன் மன்னன் சமோர்னா பிரபு, அழகன், கவிஞன், கொடூரன். அவன் எதிரி நார்தாங்கர்லாந்து, பிரான்வெல்லின் ஆள். ஆட்சிகள் கவிழ்ந்தன, கல்யாணங்கள் உடைந்தன. எழுதியவர்களுக்கு அப்போது வயது 18, 17.

இந்த இடம்வரை யாருக்கும் கவலைப்பட எதுவும் இல்லை. குழந்தைகள் உலகம் கட்டுவார்கள், வளர்ந்த பிறகும் சிலர் கட்டுவார்கள்.

ரோ ஹெட்டில் நடந்தது

1835 ஜூலையில் சார்லட் அதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பிப் போனார். அவர் வேலை செய்தால்தான் தங்கை அங்கே படிக்க முடியும் என்ற ஏற்பாடு, ஆகவே பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டு வரவும் வழியில்லை. காலையிலிருந்து இரவுவரை பிள்ளைகள் கூடவே இருக்க வேண்டும். தனிமை என்பது ராத்திரியில் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை அவர் எழுதியது: இன்று முழுக்க நான் ஒரு கனவில் இருந்தேன், பாதி துயரம், பாதி பரவசம். துயரம் ஏன் என்றால் தடையில்லாமல் கனவைத் தொடர முடியவில்லை. பரவசம் ஏன் என்றால் அந்த உலகத்தின் நடப்புகள் நிஜத்தின் வெளிச்சத்தில் தெரிந்தன. மூன்று மாணவிகளுக்கு இலக்கணம் புரியவைக்க ஒரு மணி நேரம் போராடியிருக்கிறார். பாடம் முடிந்து வகுப்பில் நிசப்தம். எரிச்சலும் களைப்புமாக உட்கார்ந்தபடி, என் வாழ்க்கையின் சிறந்த பகுதியை இந்த அடிமைத்தனத்தில்தான் கழிக்கப் போகிறேனா என்று நினைக்கிறார். ஜன்னலைத் திறக்கிறார், தூரத்திலிருந்து கோயில் மணி காற்றில் வருகிறது, ஆங்ரியா மொத்தமாக வந்து அவரை அள்ளிக்கொள்கிறது. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தால் இதுவரை எழுதிய எதையும்விட நல்லதாக ஒன்று வந்திருக்கும் என்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு மந்தப் பிள்ளை பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். எனக்கு வாந்தியே வந்துவிடும் போலிருந்தது என்று முடிக்கிறார்.

இந்தக் கடைசி வரியை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தலைக்குள் ஒரு காட்சி உச்சத்துக்கு வரும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடம்பில் ஏறும் அந்தக் கோபம் எனக்குத் தெரியும். கூப்பிட்டவர் மேல் ஒரு தப்பும் கிடையாது என்பதும் தெரியும். அந்த மாணவியும் பாவம், தன் பாடத்தைத்தான் காட்ட வந்தாள்.

இன்னொரு துண்டில், சுற்றிலும் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஏன் இவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார் என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது! அந்தக் கையெழுத்துப் படிகளில் வரிகள் ஏன் கோணல்மாணலாகப் போகின்றன என்பதற்கு இதுதான் விளக்கம். வேறொரு இடத்தில், பள்ளி அறையில் உட்கார்ந்தபடியே சமோர்னா ஒரு தூணில் சாய்ந்து நிற்பதையும், அவன் குதிரை செடிகளுக்கு நடுவே மேய்வதையும், ஆப்பிரிக்க வானத்தில் நட்சத்திரங்கள் நடுங்குவதையும் பார்க்கிறார். நான் முழுசாகப் போய்விட்டேன், எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது, மூச்சு வேகமாகவும் சின்னதாகவும் வந்தது என்று எழுதுகிறார்.

வீட்டில் இருந்த பிரான்வெல்லோ கதையைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சமோர்னாவின் மனைவியைக் கொன்றுவிடுவாரோ என்று சார்லட்டுக்குப் பயம். பிரான்வெல் உண்மையிலேயே அவளைக் கொன்றுவிட்டானா, அவள் புதைக்கப்பட்டாளா, இந்த இருண்ட ராத்திரியில் குளிர்ந்த மண்ணில் தனியாகக் கிடக்கிறாளா என்று எழுதுகிறார். இதை வெறும் கதைப் பாத்திரத்துக்கு வந்த கவலை என்று ஒதுக்கிவிடுவது எளிது. குளிர்ந்த மண்ணில் தனியாகக் கிடக்கிறாளா என்று கேட்பவர், பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு அக்காக்களைப் புதைத்த இடத்தின் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்.

யாரிடமாவது சொன்னாரா? சொல்லவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் முக்கியமான விஷயம் என்று எனக்குப் படுகிறது. நெருங்கிய தோழி எலன் நஸ்ஸிக்கு 1836 மே மாதம் எழுதிய கடிதத்தில் வாய்வரை வந்து நின்றுவிடுகிறது: என் எண்ணங்கள் உனக்குத் தெரிந்தால், என்னை விழுங்கும் கனவுகளும், சில சமயம் என்னைத் தின்றுவிடும் நெருப்பு மாதிரியான கற்பனையும், நிஜ மனிதர்களின் உலகத்தைச் சப்பென்று உணரவைக்கும் அந்தக் கற்பனையும் உனக்குத் தெரிந்தால், நீ என்மேல் இரக்கப்படுவாய், வெறுக்கவும் செய்வாய். ஆங்ரியா என்ற பெயர் அதில் இல்லை. அதே காலத்துக் கடிதங்களில் தான் பாவி, தன் மனசு கெட்டுக்கிடக்கிறது என்ற மதக் குற்றவுணர்ச்சியும் கொட்டிக்கிடக்கிறது. அந்த உலகத்துக்கு அவர் வைத்திருந்த செல்லப்பெயரே நரக உலகம், கீழுலகம் என்பதுதான். அவ்வளவு பிடித்த ஒன்றை அந்தப் பெயரில் கூப்பிடும் மனசு எவ்வளவு கிழிந்திருக்கும்!

அரசவைக் கவிஞரின் நோயறிதல்

1836 டிசம்பரில் சார்லட் தன் கவிதைகளோடு அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேக்குக் கடிதம் எழுதினார். 1837 மார்ச்சில் பதில் வந்தது. இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்ற வரியால்தான் அந்தக் கடிதம் இன்று பெயர் கெட்டுக்கிடக்கிறது, கெட வேண்டியதுதான். ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. நீ வழக்கமாக மூழ்கும் பகற்கனவுகள் மனதை நோயுறச் செய்யக்கூடும், உலகத்தின் சாதாரண காரியங்கள் உனக்கு எவ்வளவு சப்பென்று தோன்றுகிறதோ அவ்வளவுக்கு நீ அவற்றுக்குத் தகுதியில்லாமல் போவாய், வேறு எதற்கும் தகுதி பெறாமலேயே, என்கிறார்.

கடைசித் துண்டை மறுபடியும் படியுங்கள். வேறு எதற்கும் தகுதி பெறாமலேயே. ஆபத்தை அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், மருந்தைத்தான் தப்பாக எழுதிக் கொடுத்தார். சார்லட் எழுதிய பதில் பணிவானது: மாலை நேரங்களில் நான் யோசிப்பது உண்மைதான், ஆனால் என் எண்ணங்களால் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. சதேயின் கடிதத்தை மடித்து, என்றென்றும் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய அறிவுரை என்று மேலே எழுதி, தன் 21-வது பிறந்தநாள் தேதியையும் போட்டு வைத்தார். 1838-ல் உடம்பும் மனசும் உடைந்து, மருத்துவர் சொல்லி, வீட்டுக்குத் திரும்பினார்.

இன்றைய அளவுகோலில்

2002-ல் எலி சோமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் தன்னிடம் வந்த ஆறு பேரை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நாள்கணக்கில் விரிவான பகற்கனவில் வாழ்ந்து, அதனால் வேலையும் உறவும் பாதிக்கப்பட்டவர்கள். அதற்கு அவர் வைத்த பெயர் மால்அடாப்டிவ் டேட்ரீமிங், அதாவது வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் போன பகற்கனவு. 2016-ல் அவரும் சக ஆய்வாளர்களும் இதை அளக்க ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். கேள்விகள் இப்படிப் போகும்: இசை உங்கள் கனவைத் தூண்டுகிறதா, நிஜத்தில் ஏதாவது குறுக்கிட்டால் திரும்பிப் போக எவ்வளவு துடிக்கிறீர்கள், கனவு காணும்போது முகபாவமோ முணுமுணுப்போ வருகிறதா, அன்றாட வேலை எவ்வளவு கெடுகிறது.

காற்றில் வந்த மணியோசை. பாடத்தோடு வந்த மாணவி. மூடிய கண். வேகமான மூச்சு. ஒவ்வொன்றாகச் சார்லட்டின் தாள்களில் இருக்கின்றன. இறந்து 170 வருஷத்துக்கு மேலான ஒருவருக்கு நோய்ப் பெயர் ஒட்டுவது சரியில்லை, நானும் ஒட்டவில்லை. மனநோய்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலான டிஎஸ்எம்-5-லும் ஐசிடி-11-லும் இது தனி நோயாகச் சேர்க்கப்படவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிக் கனவில் வாழ்பவர்களுக்கு எது நிஜம், எது கற்பனை என்ற தெளிவு முழுசாக இருக்கும், மனப்பிறழ்விலிருந்து இது வேறுபடும் இடம் அதுதான். சார்லட்டும் ஒரு தடவைகூடக் குழம்பவில்லை. குழப்பம் இல்லாததால்தான் வலி. வெண்ணெய்த் தட்டு நிஜம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

2011-ல் பிகெல்சன், ஷூபக் என்ற இரு ஆய்வாளர்கள் தங்களுக்கு இப்படி இருப்பதாகச் சொன்ன 90 பேரின் அனுபவங்களை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதை மற்றவர்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார்கள். எலனுக்கு எழுதிய அந்தக் கடிதம் நினைவுக்கு வருகிறது. நூற்றுக்கணக்கான மைல், கிட்டத்தட்ட இருநூறு வருஷம் தள்ளி இருந்தாலும் பூட்டு ஒன்றுதான்.

விடைபெறுதலும் திரும்பி வருதலும்

1839-ஐ ஒட்டி, 23 வயதில், சார்லட் ஒரு பக்க அளவில் ஒரு விடைபெறும் குறிப்பு எழுதினார். இதை யாரும் படிக்காமல் இருக்கக் கூடாது. நாம் மிக நீண்ட காலம் தங்கிவிட்ட அந்த எரியும் நாட்டைக் கொஞ்ச காலம் விட்டுப் போக ஏங்குகிறேன், அங்கே வானம் கொழுந்துவிட்டு எரிகிறது, எப்போதும் அந்திவெளிச்சம், விடியல் சாம்பல் நிறமாகவும் நிதானமாகவும் வரும் குளிர்ந்த பகுதிக்கு மனம் திரும்ப வேண்டும் என்கிறார். ஆனால் பழைய முகங்களை விட்டுப் புதியவர்களைக் கற்பனை செய்யப் பார்த்தால், எல்லா முகமும் அந்நியமான தூர தேசத்துக்கு வந்துவிட்டது போல் இருக்கிறது என்றும் சொல்கிறார்.

அவர் ஆங்ரியாவைத் திட்டவில்லை. வீணாய்ப்போன வருஷங்கள் என்று கணக்குப் போடவில்லை. சொந்த ஊரை விட்டுக் கிளம்புபவர் போல, வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார். கற்பனை உலகத்திலிருந்து வெளியே வர நினைப்பவர்களிடம் அது வெறும் கதைதானே என்று சொல்பவர்கள், அவர்கள் ஒரு ஊரையே இழக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்வதில்லை. இழப்பு என்று ஒத்துக்கொண்டால்தான் அழ முடியும், அழுதால்தான் நகர முடியும்.

நகர்ந்தாரா? நகர்ந்தார், நேர்க்கோட்டில் இல்லை. நான்கு வருஷம் கழித்து, 1843 மே மாதம், பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் அவர் தனியாக இருக்கிறார், கூட வந்த எமிலி ஊர் திரும்பிவிட்டார். பிரான்வெல்லுக்கு எழுதுகிறார்: மாலையில் பெரிய படுக்கைக் கூடத்தில் வெள்ளைத் திரைகள் போட்ட கட்டில்கள் மட்டும் துணையாக இருக்கும்போது, எப்போதும் போல அதே வெறியோடு பழைய எண்ணங்களுக்கும் பழைய முகங்களுக்கும் கீழுலகத்தின் பழைய காட்சிகளுக்கும் திரும்பிவிடுகிறேன். வயது 27. காலியான அறை, ராத்திரி, பேச ஆள் இல்லை. ரோ ஹெட்டின் அதே நிலைமை, அதே விளைவு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இந்தத் தடவை அதை ஒருவரிடம் எழுதிச் சொல்கிறார்.

அதற்கு நான்கு வருஷம் கழித்து, 1847-ல், ஜேன் அயர் வெளிவந்தது. அதில் வரும் ராச்செஸ்டரிடம் சமோர்னாவின் சாயல் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கதாநாயகி மட்டும் ராணி இல்லை, சின்ன உருவமும் சாதாரண முகமும் கொண்ட, கூலிக்குப் பாடம் சொல்லித்தரும் பெண். அதாவது ரோ ஹெட்டின் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரையே தூக்கிக் கதைக்குள் வைத்துவிட்டார்.

மற்ற மூவர்

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ஆகக் கனவு கண்டவர் மேதை ஆனார், ஆகவே கனவு நல்லது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். இல்லை. அதற்குத்தான் மற்ற மூவர்.

பிரான்வெல் அதே ஆங்ரியாவின் பாதிச் சொந்தக்காரர். ஓவியராக முயன்றார், ரயில்வே குமாஸ்தாவாக இருந்தார், கணக்கில் பணம் குறைந்ததால் 1842-ல் அந்த வேலை போனது. டியூஷன் மாஸ்டராக இருந்த வீட்டிலிருந்து 1845-ல் வெளியேற்றப்பட்டார். அதற்குப் பிறகு குடியும் அபினும். 1848 செப்டம்பரில் 31 வயதில் இறந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் கவிதை வெளிவந்தபோது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் நார்தாங்கர்லாந்து. சார்லட் விடைபெறும் குறிப்பு எழுதி முடித்த பிறகும் தம்பி அந்த வில்லனின் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கற்பனைதான் அவரை அழித்தது என்று சொல்லமாட்டேன், குடியும் அபினும் தோல்வியும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் சதே சொன்ன அந்த வாக்கியம், வேறு எதற்கும் தகுதி பெறாமலேயே என்பது, அக்காவுக்கு எழுதப்பட்டு தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது போலத் தோன்றுகிறது.

எமிலிதான் என்னை அதிகம் யோசிக்கவைப்பவர். 1834 நவம்பரில், 16 வயதில், அவரும் ஆனும் சேர்ந்து எழுதிய ஒரு நாட்குறிப்புத் தாள் இருக்கிறது. எழுத்துப்பிழைகளோடு, ஒரே மூச்சில். ஆப்பிள் உரித்தோம், உருளைக்கிழங்கு உரிக்க வாங்க என்று சமையல்கார அம்மா கூப்பிடுகிறார், கோண்டல்காரர்கள் கால்டைன் தீவின் உட்பகுதியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள், சாலி மோஸ்லி பின்கட்டுச் சமையலறையில் துணி துவைக்கிறாள். அடுத்தடுத்த வரிகள். நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை. தீவும் துணி துவைப்பதும் ஒரே நிகழ்காலத்தில், ஒரே வீட்டில் நடக்கின்றன.

சார்லட்டின் தாள்களில் வெண்ணெய்த் தட்டு வந்தால் ஆங்ரியா உடைகிறது. எமிலியின் தாளில் உருளைக்கிழங்கு வந்தால் கோண்டல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறது. எமிலியின் காதல் குறைவானது என்று யாரும் சொல்ல முடியாது, நால்வரில் கடைசிவரை அந்த உலகத்தை விடாதவர் அவர்தான். எனக்குத் தெரிகிற வித்தியாசம், எமிலிக்கு ஒரு ஆன் இருந்தார். ஒளிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வெட்கமும் இல்லை, நரக உலகம் என்று பெயர் வைக்கவும் இல்லை. போக்கிரிகள் என்று செல்லமாகத் திட்டும் தொனியில்தான் கோண்டல்காரர்களைப் பற்றி எழுதுகிறார்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. எமிலியால் வீட்டை விட்டு எங்கும் அதிக நாள் இருக்க முடியவில்லை. 1835-ல் ரோ ஹெட்டுக்கு மாணவியாகப் போய் மூன்று மாதத்தில் உடல் மெலிந்து திரும்பினார், அந்த இடத்துக்கு ஆன் அனுப்பப்பட்டார். சமையலறையும் கோண்டலும் ஒன்றாக இருக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

சார்லட்டுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவருடைய கூட்டாளி தபாலில் இருந்தார், அதுவும் பாத்திரங்களைக் கொன்றுகொண்டு. ஆகவே இந்த நிகழ்வைப் பார்க்கும்போது, எவ்வளவு நேரம் கனவு கண்டார் என்ற கேள்வியை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறேன். கதவு திறக்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே வருபவர்மேல் வெறுப்பு வருகிறதா, அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடிகிறதா? அன்று ரோ ஹெட்டில் ஆமாங்க மேடம் என்பதற்குப் பதிலாக, ஒரு நாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சார்லட் சொல்லியிருந்தால் மிஸ் வூலர் என்ன செய்திருப்பார்? அவர் கெட்டவர் இல்லை, சார்லட்டின் கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்று கைப்பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

1845 ஜூன் கடைசியில் எமிலியும் ஆனும் முதல் முறையாகச் சேர்ந்து ஒரு நீண்ட பயணம் போனார்கள், யார்க் நகரத்துக்கு. எமிலிக்கு 27 நெருங்குகிறது, ஆனுக்கு 25. வழி முழுக்க இருவரும் கோண்டல் பாத்திரங்களாகவே இருந்தார்கள், அரண்மனையிலிருந்து தப்பித்து அரச படையோடு சேர ஓடும் இளவரசர்களும் இளவரசிகளுமாக. ஒரு மாதம் கழித்து எழுதிய தாளில் எமிலி அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். கோண்டல்காரர்கள் முன்போலவே செழிப்பாக இருக்கிறார்கள், நமக்குச் சந்தோஷம் தரும்வரை அந்தப் போக்கிரிகளை விடப்போவதில்லை என்கிறார். அதே நாளில் ஆன் தன் தாளை எழுதுகிறார். அவர் வெளியே வேலைபார்த்துத் திரும்பியவர், பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்தவர். கோண்டல்காரர்கள் பொதுவாக இப்போது விளையாடும் நிலையில் இல்லை என்று எழுதிவிட்டு, தேறுவார்களா என்று கேட்டு வைத்திருக்கிறார். அக்காவிடம் அதை வாய்விட்டுக் கேட்டதாக எந்தத் தாளிலும் இல்லை. பயணம் முழுக்கக் கூடவே இருந்திருக்கிறார், தன் பாத்திரத்தை விட்டுவிடாமல்.